அப்பாவுக்கு வீட்டிலேயே ட்யூப்: எந்த ஜெல்லி, எவ்வளவு, எப்படி?

கொள்ளிடக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 74, புராஸ்டேட் வீக்கம் பழைய கதை. போன மாதம் மூத்திரம் சுத்தமாக அடைத்துக்கொண்டு, அவசரப் பிரிவில் உள்ளேயே தங்குகிற, நுனியில் பலூன் வைத்த ஃபோலி ட்யூப் போட்டார்கள். அப்புறம் ட்யூபை எடுத்துப் பார்த்தும் தானாகப் போகவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அதிக நாள் ஆகாததால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கிறார் யூராலஜி டாக்டர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் ஓடுகிறது. அதுவரை வேளாவேளைக்குச் சின்ன ட்யூப் விட்டு வடித்துவிட்டு எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். சி.ஐ.சி. என்கிறார்களே, அதுதான்.

எப்படிச் செய்வது என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தார். ஆனால் கூட்ட நேரம், "ஜெல்லி தடவிப் போடுங்க" என்பதோடு சரி. மருந்துக் கடையில் ஜெல்லி என்று கேட்டால் மூன்று விதமாக எடுத்துப் போடுகிறார்கள். எங்கள் தெருவில் இருக்கும் பழைய கம்பவுண்டர் தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார், சித்தப்பா வாசலின் என்கிறார். அப்பாவோ ட்யூப் உள்ளே போகும்போது கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். பேச்சே வருவதில்லை. பாதி தூரத்துக்கு மேல்தான் வலி அதிகம் என்று அப்புறமாகச் சொன்னார். இதில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


வார்டு அக்கா எழுதியது:

தம்பி, நான் யூராலஜி வார்டில் ரொம்ப காலம் இருந்து ஓய்வு பெற்றவள். பாதி தூரத்துக்கு மேல் வலி என்று உங்கள் அப்பா சொன்னாரே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஆண்களுக்கு மூத்திரப் பாதை சுமார் 18 முதல் 20 செ.மீ. நீளம். நேராகவும் இருக்காது. முன்பாதி தளர்வாக இருக்கும். விதைப்பைக்குப் பின்னால் போய் மேல்நோக்கி வளையும். அந்த வளைவைத் தாண்டியதும் சுருக்குத் தசை, அதற்கு அப்பால் புராஸ்டேட். உங்கள் அப்பாவுக்கு அந்த இடம் வீங்கி வேறு இருக்கிறது. வழவழப்பு மிகவும் தேவைப்படுவது அங்கேதான். நுனியில் தடவிய ஜெல்லி அங்கே போய்ச் சேருவதில்லை. நீங்களே கவனித்துப் பாருங்கள். ட்யூபை நுழைத்ததும் துவாரத்தின் விளிம்பே ஜெல்லியை வழித்து வெளியே தள்ளிவிடும், ஆண்குறி முனையைச் சுற்றி வளையமாக நிற்கும். உள்ளே போவது காய்ந்த ட்யூப். அதனால்தான் ஆண்களுக்கு ஜெல்லியை ட்யூபில் தடவுவதைவிடப் பாதைக்குள்ளேயே ஏற்றிவிட வேண்டும் என்பது.

எவ்வளவு? 10 மில்லி. ஆஸ்பத்திரிகளில் 10 முதல் 15 மில்லி வரை ஏற்றுவோம்.

எது? மூன்று விஷயம் பொருந்த வேண்டும். தண்ணீரில் கரைய வேண்டும், கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும், உங்கள் அப்பா ஒருவருக்கே பயன்பட வேண்டும். தண்ணீரில் கரையும் ஜெல்லி அடுத்த தடவை மூத்திரத்தோடு கழுவிக்கொண்டு வந்துவிடும், எண்ணெயும் வாசலினும் வராது.

எப்படி ஏற்றுவது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஊசி மாட்டாத புது 10 மில்லி சிரிஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத் தண்டை முழுக்க உருவிவிட்டு, ஜெல்லி டியூபின் வாயை உருளையின் அகலமான பக்கமாக வைத்துப் பிதுக்குங்கள். டியூபின் வாய் எதிலும் படக் கூடாது. தண்டைத் திரும்பப் போட்டு, காற்று வெளியேறி முனையில் ஜெல்லி எட்டிப் பார்க்கும் வரை தள்ளுங்கள். முன்தோலைப் பின்னுக்கு இழுத்து, தண்ணீரால் துடைத்துச் சுத்தம் செய்த பிறகு, ஆண்குறியை மேல்நோக்கி நேராகப் பிடித்து, சிரிஞ்சின் முனையைத் துவாரத்தில் ஒட்ட வைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் அதுவே எரியும். பாதை சட்டென்று விரிவதால் வரும் எரிச்சல் அது. ஏற்றி முடிந்ததும் முனையை விரலால் லேசாக அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் பாதி வழிந்துவிடும். அடிப்பக்கமாகக் கீழ்நோக்கி விரலால் நீவிவிட்டால் வளைவு வரை இறங்கும்.

சாதா ஜெல்லியாக இருந்தால் ஒரு நிமிடம் போதும். மரத்துப்போகும் ஜெல்லி என்றால் காத்திருக்க வேண்டும், குறைந்தது ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் வார்டில் யாரும் தருவதில்லை. ஏற்றிய கையோடு ட்யூபை விட்டுவிட்டு, "மருந்து போட்டும் வலிக்குதாம்" என்பார்கள். மருந்து வேலை செய்ய நேரம் கொடுத்தால்தானே!

முடிந்ததும் முன்தோலை முன்னுக்கு இழுத்துவிட மறக்காதீர்கள். பின்னாலேயே நின்றுபோனால் கழுத்தை இறுக்கின மாதிரி வீங்கி, அது தனி அவசரமாகிவிடும்.


சக்கரவண்டி எழுதியது:

அக்கா எழுதியதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டலாம். முதுகுத் தண்டில் அடிபட்டதிலிருந்து நானே எனக்கு ட்யூப் விட்டுக்கொள்கிறேன். தினமும் நாலைந்து முறை.

சகோ, பயப்படாதீர்கள். இந்த முறையே ரொம்பப் பழையது இல்லை. ஒவ்வொரு முறையும் ஆபரேஷன் தியேட்டர் போலக் கிருமி நீக்கிச் செய்தால்தான் ஆயிற்று என்று இருந்த காலத்தில், 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லேபிடிஸ் என்ற யூராலஜி டாக்டர், கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு நோயாளியே செய்துகொள்ளலாம் என்று எழுதினார். அப்போது பலர் நம்பவில்லை. பைக்குள் மூத்திரம் தேங்கி உப்பிப்போய் நிற்பதுதான் தொற்றுக்கு முக்கியக் காரணம், அதை நேரத்துக்குக் காலி செய்வதே பெரிது என்பது அவர் வாதம். என்னைப் போல் எத்தனையோ பேருடைய சிறுநீரகம் இன்றைக்கு ஓடிக்கொண்டிருப்பது அந்த வாதத்தால்தான்.

என் நிலைமையில் இருப்பவர்கள் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று. முதுகுத் தண்டில் டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்பு) மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டிருந்தால், வலி தெரியாவிட்டாலும் ஜெல்லியில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. உரசலே போதும், ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலை பிளக்கும், முகம் வியர்க்கும், சிவந்து போகும். உணர்ச்சி இல்லாத உடம்பு அப்படித்தான் தகவல் சொல்கிறது. இந்தப் பிரச்சினை வரக்கூடியவர்களுக்கு மரத்துப்போகும் ஜெல்லியைப் போட்டுக் காத்திருந்து செய்யச் சொல்வார்கள். அறிகுறி வந்தால் உட்காரவைத்து, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்.


பழைய பெட்டி எழுதியது:

எல்லாம் சரி. எங்கள் காலத்தில் இந்த ஜெல்லியெல்லாம் ஏது? லிக்விட் பாரஃபின் பாட்டில் ஒன்று வார்டு மேசையில் நிற்கும். கிளினிக்கில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து வைத்திருப்போம். ஆயிரக்கணக்கில் ட்யூப் போட்டிருக்கிறோம், ஒருவரும் செத்துப்போகவில்லை. காய்ச்சிய எண்ணெயில் கிருமி ஏது? கடைக்காரன் விற்பதற்காகச் சொல்வதையெல்லாம் நம்பிக்கொண்டு ஏழைகளைச் செலவுக்கு இழுக்காதீர்கள்.


வார்டு அக்கா எழுதியது:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். லிக்விட் பாரஃபின் பாட்டிலை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை விட்டதற்குக் காரணம் கடைக்காரர் இல்லை.

ஒன்று, ரப்பர். ஃபோலி ட்யூப் பெரும்பாலும் லேடக்ஸ். பெட்ரோலியம் சேர்ந்த எதுவும் லேடக்ஸை இளக்கிவிடும். ஆணுறையோடு வாசலின் சேர்க்கக் கூடாது என்பதும் இதே காரணத்துக்குத்தான். உள்ளே இருக்கும் பலூன் வெடித்தால் துண்டு பைக்குள் தங்கிவிடும், அதைத் தேடி எடுக்க உள்ளே கேமரா விட வேண்டும். ட்யூப் கவரிலேயே பெட்ரோலிய களிம்பு வேண்டாம் என்று அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

இரண்டாவதுதான் பெரிது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. பாதையில் சிராய்ப்பு இருக்கும்போது அழுத்தம் கொடுத்து எண்ணெயை ஏற்றினால் ரத்த நாளத்துக்குள் போய்விடலாம், போனால் நுரையீரலில் அடைக்கும். மூத்திரப் பாதையை எக்ஸ்ரே எடுக்க எண்ணெய் சேர்ந்த மருந்தை ஏற்றிய காலத்தில் இப்படி நடந்து பதிவாகியிருக்கிறது. தண்ணீரில் கரையும் மருந்துக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெல்லியை உள்ளே ஏற்றுங்கள் என்று நான் சொல்லும்போது, அந்த இடத்தில் எண்ணெயை வைத்து யோசித்துப் பாருங்கள். இந்தத் தம்பியின் அப்பா ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர், சிராய்ப்பு என்றால் சட்டென்று ரத்தம் வரும்.

மூன்றாவது, காய்ச்சின எண்ணெயில் கிருமி இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாட்டிலுக்குள் அடுத்து விடும் விரல்?


பழைய பெட்டி எழுதியது:

எண்ணெய் ரத்தத்தில் ஏறும் விஷயம் எனக்குப் புதிது. சரி, ஏற்றுவதற்கு எண்ணெய் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். செலவு விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.


நடுநிசி எழுதியது:

ஸ்கேன் சென்டரில் வயிற்றில் தடவுகிறார்களே நீலக் கலர் ஜெல், அதுவும் தண்ணீரில் கரைகிறது, பெரிய கேன் மலிவாகக் கிடைக்கிறதே. அதைப் பயன்படுத்தலாமா?


மருந்துக்கடை மாறன் எழுதியது:

நடுநிசி, வேண்டவே வேண்டாம். அது காயமில்லாத தோலின் மேல் தடவுவதற்கு. பெரும்பாலானவை கிருமி நீக்கியவை அல்ல. 2012இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு ஸ்கேன் ஜெல்லில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா என்ற இரண்டு கிருமிகளும் வளர்ந்திருந்ததைக் கண்டு எச்சரிக்கை விட்டது. 2021இல் இன்னொரு ஸ்கேன் ஜெல்லில் பர்க்ஹோல்டேரியா. கேனைத் திறந்து சின்னப் பாட்டிலில் நிரப்பி, தீர்ந்ததும் அதே பாட்டிலில் மறுபடி நிரப்புகிற வழக்கம் வேறு இருக்கிறது.

இப்போது கொள்ளிடக்கரை சாருக்கு. கடையில் மூன்று விதம் காட்டினார்கள் என்றீர்களே, அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் நானே காட்டுகிறேன்.

ஒன்று லிக்னோகெயின் 2% ஜெல்லி. சைலோகெயின் ஜெல்லி, லாக்ஸ் ஜெல்லி என்று கேட்பார்கள், 30 கிராம் டியூப். மரத்துப்போகும் ஜெல்லி இதுதான். சில டியூபோடு கூம்பு மாதிரி ஒரு மூக்கும் வரும். இரண்டாவது, மருந்து எதுவும் கலக்காத, கிருமி நீக்கிய வழவழப்பு ஜெல்லி. மூன்றாவது, லிக்னோகெயின் 5% களிம்பு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கைமாறிப் போகிறது. அது மூலத்துக்கும் தோலுக்கும் போடுவது, ட்யூப் போடுவதற்கு இல்லை. அட்டையில் 2%, ஜெல்லி இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் லிக்னோகெயின் விஸ்கஸ் என்று ஒன்றும் உண்டு, அதுவும் வேண்டாம்.

30 கிராம் டியூப் திறந்த பிறகு ஒரே ஆளுக்குத்தான். பக்கத்துக் கட்டிலுக்குக் கடன் கொடுப்பதெல்லாம் கூடாது. வார்டில் ஒரே டியூப் கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள்.


கொள்ளிடக்கரை எழுதியது:

மாறன் சார், நன்றி. எங்களிடம் இருப்பது லிக்னோகெயின் 2% ஜெல்லிதான். அக்கா சொன்னபடி சிரிஞ்சில் ஏற்றி, கடிகாரம் பார்த்துக் காத்திருந்து விட்டோம். அப்பா சட்டத்தைப் பிடிக்கவில்லை. "முடிஞ்சுதா?" என்று கேட்டார். எனக்கே நம்ப முடியவில்லை.

இப்போது அடுத்த சந்தேகம். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் 10 மில்லி மரத்துப்போகும் மருந்து என்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதா?


மருந்துக்கடை மாறன் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி. 2% என்றால் ஒரு மில்லியில் 20 மி.கி. லிக்னோகெயின். 10 மில்லியில் 200 மி.கி. பெரியவர்களுக்கு 12 மணி நேரத்தில் 600 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்று சைலோகெயின் ஜெல்லியின் குறிப்பில் இருக்கிறது. அதாவது 30 மில்லி. நாலைந்து தடவையை விழித்திருக்கும் நேரத்துக்குள் செய்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். அது ஆரோக்கியமான ஆளுக்குச் சொன்ன எல்லை. வயதானவர், ஈரல் பலவீனமானவர், இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதற்கும் கீழே நிற்க வேண்டும். பாதையில் புண்ணோ சிராய்ப்போ இருந்தால் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல், தலை கிறுகிறுப்பு, உளறல் இவை வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி. அப்பாவின் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.


சக்கரவண்டி எழுதியது:

தினமும் செய்கிறவர்களில் பெரும்பாலோர் மருந்து கலக்காத ஜெல்லிக்கு மாறிவிடுவார்கள். ஆரம்பத்தில் பாதை பழகும் வரை மரத்துப்போகும் ஜெல்லி, அப்புறம் சாதா. வலி முழுக்க மறைந்துபோவதும் நல்லதில்லை, ட்யூப் தப்பான இடத்தில் முட்டினால் சொல்வதற்கு ஆள் வேண்டும் அல்லவா. எனக்கு அந்த ஆள் இல்லை. அதனால் என் கை விரலைத்தான் நம்புகிறேன்.


தேம்ஸ் ஓரம் எழுதியது:

வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். இங்க இன்ஸ்டிலாஜெல் எண்டு ஒண்டு வரும். ஜெல் நிரப்பின சிரிஞ்சாவே தருவினம். ஆம்பிளையளுக்கு 11 மில்லி, சின்னது 6 மில்லி. பிரிச்சு ஏத்திப்போட்டு எறிய வேண்டியதுதான். டியூபில இருந்து நிரப்புற வேலை இல்லை.

ஆனா அதில ஒரு விசயம் இருக்கு, அண்ணை. லிக்னோகெயினோட குளோர்ஹெக்சிடினும் கலந்திருக்கும். சில பேருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாது எண்டால் சும்மா சொறிச்சல் இல்லை, மூச்சு முட்டி பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாப் போற அளவு. 2012இல இங்கத்தை மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதுக்கெண்டே எச்சரிக்கை விட்டது. 2018இல வந்த, மயக்க மருந்து நேரத்து அலர்ஜியள் பற்றின பெரிய கணக்கெடுப்பிலயும் முக்கியமான நாலு காரணங்களில குளோர்ஹெக்சிடின் ஒண்டு. போன தடவை ட்யூப் போட்டாப் பிறகு உடம்பெல்லாம் தடிச்சுது, மூச்சு இழுத்துது எண்டு ஆராவது சொன்னால், அடுத்த தடவை போடுறதுக்கு முன்னமே நர்சுக்குச் சொல்ல வேணும். முதல் தடவை லேசா வந்தது அடுத்த தடவை பெரிசா வரலாம்.


வார்டு அக்கா எழுதியது:

நல்ல தகவல், தங்கச்சி. இங்கேயும் ட்யூப் போடும் முன் குளோர்ஹெக்சிடின் கரைசலால் துடைப்பார்கள், அதனால் ஜெல்லியில் இல்லாவிட்டாலும் கேட்டு வைப்பது நல்லது. லேடக்ஸ் அலர்ஜியும் அப்படித்தான். பிறவியிலேயே முதுகுத் தண்டு குறை உள்ள பிள்ளைகளுக்கு அது அதிகம். அவர்களுக்கு ட்யூபும் க்ளவுஸும் லேடக்ஸ் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.


கொள்ளிடக்கரை எழுதியது:

நேற்று ராத்திரி ஒரு சிக்கல். ஜெல்லி எல்லாம் ஏற்றி, ட்யூப் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது. தள்ளினால் வளைந்துகொண்டு திரும்பி வருகிறது. பயந்துபோய் வெளியே எடுத்துவிட்டேன். ரத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து விட்டபோது போய்விட்டது. இப்படி நிற்கும்போது இன்னும் கொஞ்சம் ஜெல்லி ஏற்றி அழுத்தினால் போகுமா?


வார்டு அக்கா எழுதியது:

அழுத்தாதீர்கள். ஜெல்லி தாராளமாக இருக்கிறது என்ற தைரியத்தில் பலம் கொடுத்து அழுத்தும்போதுதான் பாதையின் சுவரைக் குத்திப் பொய்வழி உண்டாகும். ஒருமுறை பொய்வழி விழுந்துவிட்டால் அடுத்த ட்யூபும் அதற்குள்ளேயே போய் நிற்கும். ஆறும்போது தழும்பு சுருங்கிப் பாதை அடைக்கும்.

அந்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் சுருக்குத் தசை இறுக்கிக்கொள்வதால். உங்கள் அப்பா பயந்திருந்தால் அது இன்னும் இறுகும். ட்யூபை வெளியே எடுக்க வேண்டாம், பின்னுக்கும் இழுக்க வேண்டாம், அதே இடத்தில் லேசான அழுத்தத்தோடு பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஆண்குறியை மேல்நோக்கி நன்றாக நீட்டிப் பிடியுங்கள், மடிந்திருந்தால் அதுவே தடை. அப்பாவை மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூத்திரம் போவதுபோல் முக்கச் சொல்லுங்கள். ஒரு இருமல் வந்தாலும் சில சமயம் விட்டுக்கொடுக்கும். தசை தளரும்போது ட்யூப் தானாக வழுக்கிக்கொண்டு போவது கைக்கே தெரியும். வடக்கயிறு இழுக்கும் வேலை இல்லை இது.

அதற்கும் போகவில்லை என்றால் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் புது ட்யூபோடு பாருங்கள். மூத்திரம் முட்டிக்கொண்டு நிற்கும்போது போகவே இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், வீட்டில் போராட வேண்டாம்.

புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு நுனி சற்று மேலே வளைந்த ட்யூப் ஒன்று உண்டு. டீமன் என்பார்கள், கூடே என்பார்கள். வளைவு எப்போதும் தொப்புளைப் பார்த்து இருக்க வேண்டும், அப்படியே போனால் புராஸ்டேட்டின் மேட்டை ஏறித் தாண்டும். இது உங்கள் அப்பாவுக்குத் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக வாங்கிப் பழக வேண்டாம், யாராவது கையைப் பிடித்துக் காட்டித் தர வேண்டும்.

எந்த அளவு ட்யூப் விடுகிறீர்கள்?


கொள்ளிடக்கரை எழுதியது:

16 என்று போட்டிருக்கிறது, ஆரஞ்சு நிறத் தலை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மீதி.


வார்டு அக்கா எழுதியது:

வடித்து எடுப்பதற்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 போதும். வெள்ளைத் தலை 12, பச்சைத் தலை 14. அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் தடிமன் வரும், 16 என்றால் 5 மி.மீ.க்கு மேல். ரொம்ப மெல்லியதாகப் போனாலும் அந்த வளைவில் மடங்கும், அதனால் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.


சோழமண்டலம் எழுதியது:

ஜெல்லியே வேண்டாம், தண்ணீர் பட்டால் தானாக வழவழக்கும் ட்யூப் இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையே? மாமாவுக்கு சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தோம்.


சக்கரவண்டி எழுதியது:

இருக்கிறது. ஹைட்ரோஃபிலிக் என்பார்கள். 1983இல் லோஃப்ரிக் என்ற பெயரில் ஸ்வீடனில் முதலில் வந்தது. மேல்பூச்சு தண்ணீரை இழுத்துக்கொண்டு வழவழப்பாகிவிடும். பல வகைகளில் அரை நிமிடம் தண்ணீரில் ஊறவிட வேண்டும், சிலவற்றில் கவருக்குள்ளேயே தண்ணீர் இருக்கும். பூச்சு ட்யூபின் முழு நீளத்துக்கும் இருப்பதால் துவாரத்தில் வழிக்கப்பட்டு வீணாகும் பேச்சே இல்லை.

ஆனால் ஊறவைத்து எடுத்தபின் தாமதம் கூடாது. காய்ந்தால் பூச்சு ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது பாதை முழுக்க இழுக்கும். அதைக் கழுவி மறுபடி பயன்படுத்தவும் முடியாது, பூச்சு போய்விடும். அதன் மேல் ஜெல்லி தடவவும் வேண்டாம். விலைதான் நம்மைப் போன்றவர்களுக்கு இடிக்கிறது. ஒன்று வாங்கும் காசில் சாதா நெலட்டான் ட்யூப் ஒரு கட்டே வாங்கலாம். பயணம் போகும்போது மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். ரயில் கழிப்பறையில் சிரிஞ்சு நிரப்பிக்கொண்டு நிற்க முடியாது.


பழைய பெட்டி எழுதியது:

இதைத்தான் நானும் சொல்கிறேன். ஏழை என்ன செய்வான்? ஒரே ட்யூபைக் கழுவிக் கழுவிப் போடுகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.


வார்டு அக்கா எழுதியது:

உண்மைதான் ஐயா, மறுக்கவில்லை. கவரில் ஒருமுறைக்குத்தான் என்று இருந்தாலும் கழுவிப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. அதை எப்படிக் கழுவுவது, எத்தனை நாள் வைப்பது என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஜெல்லி சம்பந்தமாக மட்டும் ஒன்று சொல்கிறேன். எண்ணெய் போட்ட ட்யூபைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் உள்ளே பிசுக்கு நிற்கும். தண்ணீரில் கரையும் ஜெல்லி பயன்படுத்தியவுடனே ஓடும் தண்ணீரில் விட்டால் போய்விடும். காயவிட்டால் கண்களில் வெள்ளையாகப் படிந்துகொள்ளும், நுனிக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை இருக்குமே, அந்தக் கண்களில். அடுத்த தடவை அது பாதையைக் கீறும். சோப்பு நுரையை முழுக்கக் கழுவாமல் உள்ளே விட்டாலும் பாதை எரிந்து புண்ணாகும். சோப்பையே வழவழப்புக்குப் பயன்படுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எச்சிலையும்!

சிக்கனம் பிடிக்க வேண்டும் என்றால் மரத்துப்போகும் ஜெல்லியை விட்டுவிட்டுச் சாதா ஜெல்லிக்கு மாறுங்கள். அளவைக் குறைக்காதீர்கள்.


கொள்ளிடக்கரை எழுதியது:

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். 14க்கு மாற்றிவிட்டார். பகலில் சாதா ஜெல்லி, தூங்கப் போகும் முன் ஒரு தடவை மட்டும் லிக்னோகெயின் என்று எழுதிக் கொடுத்தார். அப்பாவின் மாத்திரைகளையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். லிக்னோகெயின் டியூபை ஃபிரிட்ஜில் வைத்துப் போட்டால் எரிச்சல் குறையும் என்று ஒருவர் சொன்னார், அது சரியா? அப்புறம், எங்கள் ஊர்க் கடைகளில் சாதா ஜெல்லி கிருமி நீக்கியதாகக் கிடைக்கவில்லை, எங்கே கேட்பது?


மருந்துக்கடை மாறன் எழுதியது:

குளிர்ந்த ஜெல்லி ஏற்றும்போது எரிச்சல் குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு. ஃப்ரீசரில் வைக்காதீர்கள், கீழ்த்தட்டு போதும். அட்டையில் குளிரில் வைக்க வேண்டாம் என்று போட்டிருந்தால் வைக்க வேண்டாம்.

சாதா ஜெல்லிக்கு மருந்துக் கடையைவிட அரசு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் சர்ஜிகல் கடைகள்தான் சரி. "ஸ்டெரைல் லூப்ரிகேட்டிங் ஜெல்லி" என்று கேளுங்கள். ஒருமுறைக்கான சின்னப் பாக்கெட்டாகக் கிடைத்தால் அதுதான் நல்லது, ஒரு தடவைக்கு இரண்டு பாக்கெட் பிடிக்கும். டியூபாக வாங்கினால் திறந்த தேதியை மேலே எழுதி வையுங்கள்.


சக்கரவண்டி எழுதியது:

குளிர்ந்த ஜெல்லி என் போன்ற டி6 ஆட்களுக்கு வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சில்லென்று படுவதே சிலருக்குப் பிரஷரைக் கிளப்பிவிடுமாம். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, நீங்கள் வைக்கலாம்.


வார்டு அக்கா எழுதியது:

தம்பி, ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு முறையும் நேரம், எத்தனை மில்லி வந்தது, நிறம் எப்படி என்று எழுதுங்கள். ஒரே தடவையில் 500 மில்லிக்கு மேல் வருகிறது என்றால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம், நேரத்தை நெருக்க வேண்டும். பஞ்சில் இளஞ்சிவப்பாக லேசாகப் பட்டால் அடுத்த தடவைகளில் கவனியுங்கள். கட்டியாக ரத்தம் வந்தாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, விதைப்பை வீங்கி வலித்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள். ரத்தம் உறையாத மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும், இப்போது பயன்படுத்தும் ட்யூப் கவரையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.


கொள்ளிடக்கரை எழுதியது:

சரி அக்கா. நோட்டு இன்றைக்கே போட்டுவிட்டேன். பாக்கெட் ஜெல்லி தஞ்சாவூரில் கிடைக்கும் என்கிறார்கள், நாளைக்கு மச்சானை அனுப்புகிறேன்.